இரண்டு கைக்கும் தனித்தனிக் கேமரா: ஒரே கணினியில் மூன்று வெப்கேம் வைத்து மிருதங்கம் சொல்லிக்கொடுப்பது

மிருதங்கத்துக்கு இரண்டு முகம். வலந்தலை வலது பக்கச் சுவரைப் பார்க்கும், தொப்பி இடது பக்கச் சுவரைப் பார்க்கும். வாசிப்பவருக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தால் அதில் தெரிவது கட்டையும் வாரும்தான். விரல்கள் இரண்டு ஓரத்திலும் பாதி மறைந்துவிடும். நேரில் உட்கார்ந்து கற்கும் பிள்ளை தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்துக்கொள்ளும். நியூஜெர்சியில் இருந்துகொண்டு கற்கும் பிள்ளை, நாம் காட்டுகிற படத்தை மட்டும்தான் பார்க்க முடியும். "சார், அது எந்த விரல்?" என்று ஒரு வகுப்பில் பலமுறை கேட்கிறது என்றால், பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று அர்த்தமில்லை. கேமரா காட்டவில்லை.

முதல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'த தி தொம் நம்'. த இடது கை, தி வலது கை, தொம் இடது, நம் வலது. சொல்லுக்குச் சொல் கை மாறுகிறது. இதற்கு இரண்டு கேமராக்களை வைத்து மாற்றி மாற்றிக் காட்டினால் பயனில்லை. இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒரே படத்தில், பக்கத்துப் பக்கத்தில் தெரிய வேண்டும். ஓரமாக ஆசிரியரின் முகமும் வேண்டும், ஏனென்றால் சொல்கட்டை, அதாவது 'த தி தொம் நம்' போன்ற சொல் கோவையை, வாயால் சொல்லும்போது பிள்ளைகள் வாயைத்தான் பார்ப்பார்கள். என்ன கேமரா, எந்தத் துளையில் சொருகுவது, என்ன அளவில் படம் எடுப்பது என்று கீழே நான் சொல்கிற எல்லாமே இந்த ஒரு தேவையிலிருந்து வந்தவை.

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு முன்னறையில், சாதாரண விண்டோஸ் 11 லேப்டாப்பில் இதை வைத்திருக்கிறேன். வீணை, தவில், வயலின் ஆசிரியர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். கை வேலையைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் யாரும், தையல் ஆசிரியர் உட்பட, இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு இதையே செய்யலாம்.

முதலில் இடம், அப்புறம்தான் கடை

கேமரா வாங்கக் கிளம்புவதற்கு முன் உங்கள் போனை எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கத்தை வைத்து வழக்கம்போல உட்காருங்கள். வீட்டில் யாரையாவது போனைப் பிடிக்கச் சொல்லி, வெவ்வேறு இடங்களிலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள். எந்தக் கோணத்தில் விரல் தெரிகிறது என்பது அதில் புரிந்துவிடும்.

வலந்தலைக்கு நேர் எதிரே, அதாவது வலது பக்கச் சுவரோரம் கேமராவை வைக்கத்தான் முதலில் தோன்றும். அங்கே வைத்தால் புறங்கைதான் தெரியும். விரல் தோலைத் தொடுகிற இடம் கைக்குப் பின்னால் மறைந்துவிடும். கேமராவை வலது முன்பக்கமாக, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், தோலின் மட்டத்தைவிடச் சற்று உயரத்தில், ஒன்றரையிலிருந்து இரண்டு அடி தூரத்தில் வையுங்கள். 'நம்' வாசித்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல் மீட்டில் (ஓரத்துத் தோல் வளையத்தில்) விழுவதும், மோதிர விரல் கரணையின் (நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தின்) ஓரத்தில் லேசாகத் தொட்டு நிற்பதும் இரண்டும் தெரிய வேண்டும். அந்த மோதிர விரல் எங்கே நிற்கிறது என்பதில்தான் சுநாதம், அதாவது இனிய நாதம், இருக்கிறது. கொஞ்சம் உள்ளே போனாலும் நாதம் செத்துவிடும். அது தெரியாத கோணம் எவ்வளவு அழகான படம் தந்தாலும் வேண்டாம்.

தொப்பிக்கு நேர்மாறு. இங்கே கேமரா இடது முன்பக்கம், தோலின் நடுமட்டத்தைவிடச் சற்றுத் தாழ்வாக. ஏனென்றால் தோலை அழுத்தித் தேய்த்து ஒலியை வளைக்கும் குமுக்கியைக் காட்ட வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதி தோலை எங்கே அழுத்துகிறது, எப்போது அழுத்துகிறது, எந்தப் பக்கம் தேய்த்துக்கொண்டு போகிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. தாழ்வாக வைத்தால் கைக்கும் தோலுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும். மூடி வாசிப்பதற்கும் திறந்து வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த இடைவெளியைப் பார்த்தே பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

ஸ்டாண்டைப் பற்றி ஒன்று. மிருதங்கம் இருக்கிற பாயிலோ ஜமக்காளத்திலோ ஸ்டாண்டின் கால் படக்கூடாது. தொப்பியில் ஒரு 'தொம்' விழுந்தால் படமே ஆடும். பாய்க்கு வெளியே, வெறும் தரையில் வையுங்கள். வீட்டில் பழைய மைக் ஸ்டாண்ட் இருந்தால் அது அருமையான பொருள், கனமாக இருக்கும், கையை வேண்டிய பக்கம் நீட்டலாம். கேமராவின் அடியில் உள்ள மரை 1/4 அங்குலம், மைக் ஸ்டாண்டில் இருப்பது 3/8 அல்லது 5/8. இரண்டையும் இணைக்கும் சின்ன அடாப்டர் போட்டோ ஸ்டுடியோ சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். தொப்பியில் ஒட்டும் ரவை அந்தப் பக்கம் உதிர்ந்துகொண்டே இருக்கும், ஈரமும் இருக்கும். கேபிளை அந்தப் பக்கத்துத் தரையில் ஓட விடாதீர்கள்.

என்ன கேமரா

கைக்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. லாஜிடெக் சி270 போன்ற 720பி கேமரா போதும். அது நிலையான ஃபோகஸ் கொண்டது. கை வேகமாக அசையும்போது ஃபோகஸைத் தேடி அலையாது. இங்கே அது பெரிய வசதி. ஆனால் அதன் அடியில் மரை கிடையாது, கிளிப் மட்டும்தான். ஸ்டாண்டின் கையில் ஒரு மரச்சட்டத்தைக் கட்டி அதில் மாட்ட வேண்டும். சி920-ல் மரை உண்டு, 1080பி உண்டு, தானியங்கி ஃபோகஸும் உண்டு. அதை வாங்கினால் தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, விரல் விழும் இடத்துக்குக் கையால் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள். முகத்துக்கு லேப்டாப்பில் உள்ள கேமராவே போதும்.

கையில் இருக்கிற பழைய ஆண்ட்ராய்டு போனையும் கேமராவாக்கலாம். ட்ராய்ட்கேம், ஐரியன், கேமோ போன்ற செயலிகள் அதற்காகவே இருக்கின்றன. ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு 2022-ல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுரா பதிப்பிலிருந்து அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. போனை வைஃபை வழியாக இணைத்தால் படம் ஒரு நொடியின் சிறு பங்கு பின்தங்கும். பாட்டு வகுப்புக்கு அது பரவாயில்லை. தாள வாத்தியத்துக்கு ஆகாது. வலது கை ஒரு நேரத்திலும் இடது கை இன்னொரு நேரத்திலும் விழுந்தால் பாடமே தவறாகிவிடும். ஆகவே போன் என்றால் கேபிளில் இணையுங்கள், அல்லது முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைக்கும் ஒரே மாடல் கேமரா வாங்கச் சொல்வேன். நிறமும் தாமதமும் ஒன்றாக இருக்கும்.

யூஎஸ்பி: எல்லோரும் இடிக்கிற இடம்

இரண்டு கேமராவையும் வாங்கி வந்து சொருகுகிறீர்கள். ஒன்று வேலை செய்கிறது. இன்னொன்றைத் திறந்தால் கறுப்பாக நிற்கிறது, அல்லது முதலாவது உறைந்துபோகிறது. தனியாகப் போட்டால் இரண்டுமே நன்றாக ஓடுகின்றன. கேமரா கெட்டுப்போனது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப்போகிறவர்கள் உண்டு. கெட்டுப்போகவில்லை. பாதையில் இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இந்த விலையில் கிடைக்கிற வெப்கேம்கள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 வகை. அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். வீடியோ போன்ற, நேரம் தவறாமல் போக வேண்டிய தரவுக்கு இதில் 80 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கக்கூடாது என்று யூஎஸ்பி விதி இருக்கிறது. ஆக 48 மெகாபைட். ஒரு கேமரா தனக்கென்று அதிகபட்சமாக முன்பதிவு செய்துகொள்ளக்கூடியது ஏறக்குறைய 24.5 மெகாபைட். இரண்டு கேமராவும் அதிகபட்சத்தைக் கேட்டால் 49. இருப்பதோ 48. இரண்டாவது கேமராவுக்கு இடமில்லை என்று கணினி கதவைச் சாத்திவிடுகிறது. உண்மையில் அவ்வளவு தரவு ஓடுகிறதா என்று அது பார்ப்பதில்லை. முன்பதிவைத்தான் பார்க்கிறது. பாதிப் பேர் ஏறாத பேருந்திலும் ரிசர்வேஷன் முடிந்துவிட்டால் சீட்டு கிடைக்காது இல்லையா, அதுதான்.

இப்போது படத்தின் எடையைப் பாருங்கள். கேமரா படத்தைச் சுருக்காமல் அனுப்பும் வடிவத்துக்கு ஒய்யுஒய்2 என்று பெயர். இதில் ஒரு புள்ளிக்கு இரண்டு பைட். 1920க்கு 1080 அளவில் நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 124 மெகாபைட். யூஎஸ்பி 2.0-வில் இது போகவே போகாது. 1280க்கு 720 என்றால் 55 மெகாபைட். இதுவும் போகாது. அதனால்தான் பல 720பி கேமராக்கள் இந்த வடிவத்தில் நொடிக்குப் பத்து ஃப்ரேமுக்கு இறங்கிவிடுகின்றன. 640க்கு 480 என்றால் 18.4 மெகாபைட். இரண்டு கேமராவுக்கு 36.8. இது 48-க்குள் வசதியாக அடங்குகிறது.

எம்ஜேபெக் என்று இன்னொரு வடிவம் இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒரு புகைப்படம்போலச் சுருக்கி அனுப்பும். தரவு வெகுவாகக் குறையும். 1080பி-யே ஒரு யூஎஸ்பி 2.0 பாதையில் போய்விடும். ஆனால் சில கேமராக்கள் எம்ஜேபெக்கில் ஓடும்போதும் முன்பதிவை மட்டும் அதிகபட்சமாகவே செய்துகொள்ளும். அப்படிப்பட்ட கேமரா இரண்டு ஒரே பாதையில் ஓடாது. அளவைக் குறைத்துப் பாருங்கள், குறைத்தால் முன்பதிவும் பல கேமராக்களில் குறையும்.

அடுத்து, ஒரு துளையைப் பல துளையாக்கும் ஹப். யூஎஸ்பி 3.0 ஹப் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று கடையில் சொல்வார்கள். தீராது. யூஎஸ்பி 3.0 ஹப்புக்குள் யூஎஸ்பி 2.0-வுக்கு என்று தனி ஹப் ஒன்று இருக்கிறது. உங்கள் கேமராக்கள் 2.0 வகையாக இருப்பதால் அந்த வழியில்தான் போகும். எத்தனை கேமரா சொருகினாலும் அந்த ஹப்பிலிருந்து கணினிக்குப் போவது ஒரே 480 மெகாபிட் பாதைதான். யூஎஸ்பி 3.0-வைக் குறிக்கும் நீல நிறத் துளையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எனவே முடிந்தவரை கேமராக்களை நேராகக் கணினியின் துளைகளிலேயே சொருகுங்கள். லேப்டாப்பில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. மேசைக் கணினி என்றால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'வியூ' மெனுவில் 'டிவைசஸ் பை கனெக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மரம்போல விரியும் பட்டியலில் ஒவ்வொரு கேமராவும் எந்த யூஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலரின் (துளைகளை நிர்வகிக்கும் சில்லின்) கீழ், எந்த ஹப்பின் கீழ் இருக்கிறது என்று தெரியும். லேப்டாப்பின் சொந்தக் கேமராவும் பெரும்பாலும் உள்ளே யூஎஸ்பியில்தான் இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள். மேசைக் கணினியில் எல்லாமே ஒரே கன்ட்ரோலரில் இருந்தால், பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி அட்டை ஒன்றைச் செருகினால் புதிதாக இன்னொரு பாதை கிடைத்துவிடும்.

ஹப் இல்லாமல் முடியாது என்றால், தனி மின் அடாப்டர் உள்ள ஹப்பாகப் பாருங்கள். மின் அடாப்டர் இல்லாத ஹப் கணினியின் ஒரே துளையிலிருந்து, யூஎஸ்பி 2.0 என்றால் 500 மில்லி ஆம்பியரை வாங்கி எல்லாத் துளைக்கும் பங்கிட வேண்டும். கேமரா நடுநடுவே காணாமல் போய்த் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கேபிள் நீளமும் அப்படித்தான். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு ஐந்து மீட்டர்தான் எல்லை. கேமராவின் சொந்தக் கேபிளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளே மின்சுற்று உள்ள ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் கேபிள் வேண்டும்.

ஓபிஎஸ்ஸில் மூன்று படத்தை ஒன்றாக்குவது

ஜூமும் கூகுள் மீட்டும் ஒருவரிடமிருந்து ஒரு கேமராவைத்தான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும். மூன்றையும் ஒரே படமாக அடுக்கி, அந்தப் படத்தையே ஒரு கேமராபோல ஜூமுக்குக் கொடுக்க வேண்டும். ஓபிஎஸ் ஸ்டுடியோ இதைச் செய்யும். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2020-ல் வந்த 26-ஆம் பதிப்பிலிருந்து மெய்நிகர் கேமரா அதற்குள்ளேயே இருக்கிறது. தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம்.

இன்னொரு நல்ல செய்தி, மூன்று கேமரா என்பதால் இன்டர்நெட் மும்மடங்கு செலவாகாது. கணினிக்குள் மூன்று, வெளியே போவது ஒன்றுதான்.

ஓபிஎஸ்ஸைத் திறந்ததும் 'செட்டிங்ஸ்' போய் 'வீடியோ' பகுதியில் கேன்வாஸ் அளவை 1280க்கு 720 என்று வையுங்கள், ஃப்ரேம் 30. இப்போது அந்தச் செவ்வகத்தை மனதில் பிரித்துப் பாருங்கள். 640க்கு 480 அளவுள்ள இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 1280 அகலம் சரியாக நிரம்புகிறது. உயரத்தில் 480 போக, கீழே 240 மிச்சம். அந்தப் பட்டையின் நடுவில் முகம். இரண்டு கையும் பெரிதாக, முகம் சிறிதாக. போனில் பார்க்கும் பிள்ளைக்கும் விரல் தெரியும்.

கைக் கேமராவுக்கு 640க்கு 480-க்கு மேல் தேவையே இல்லை என்பதும் இங்கேதான் தெரிகிறது. பெரிய அளவில் எடுத்தாலும் இந்தக் கட்டத்துக்குள் சுருக்கித்தான் வைக்கப்போகிறோம். யூஎஸ்பி கணக்கில் வசதியாக அடங்கியதும் இதே அளவுதான்.

'சோர்சஸ்' பெட்டியில் கூட்டல் குறியை அழுத்தி 'வீடியோ கேப்சர் டிவைஸ்' சேருங்கள். பெயரை 'வலது கை' என்று வையுங்கள். இயல்பாக வரும் பெயரை அப்படியே விட்டால் பின்னால் எது எது என்று திண்டாடுவீர்கள். கேமராவைத் தேர்ந்தெடுத்த பிறகு, 'ரெசல்யூஷன்' வகையைக் 'கஸ்டம்' ஆக்கி 640க்கு 480 கொடுங்கள், ஃப்ரேம் 30 கொடுங்கள், வீடியோ ஃபார்மட்டில் எம்ஜேபெக் வைத்துப் பாருங்கள். இதில் எதையும் தானியங்கியாக விடாதீர்கள். தானியங்கியில் விட்டால் கேமரா தன் பெரிய அளவைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேமராவுக்கு வழி விடாது. இதேபோல 'இடது கை', 'முகம்'.

'டீஆக்டிவேட் வென் நாட் ஷோயிங்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் வேண்டாம். டிக் போட்டால் காட்சி மாறும் ஒவ்வொரு தடவையும் கேமரா அணைந்து எழும், அந்த இரண்டு நொடியில் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) போய்விடும்.

அடுக்கும்போது வலது கைப் படத்தை வலப்பக்கம் வையுங்கள், இடது கையை இடப்பக்கம். எதிரே உட்கார்ந்து பார்த்தால் ஆசிரியரின் வலது கை நம் இடப்பக்கம் தெரியும், அது நேர் வகுப்பின் பழக்கம். திரையில் பார்த்துத் தன் கையில் உடனே வாசிக்கும் சின்னப் பிள்ளைக்கு, வலது வலதாகவே இருந்தால் குழப்பம் இல்லை. முகப் படத்தில் கழுத்துக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு படத்தின் ஓரத்தை இழுத்தால் வெட்டுப்படும். மிருதங்கம் மறுபக்கமாகத் தெரிவது அதோடு போய்விடும். 'ஃப்ளிப் ஹாரிசான்டல்' போட்டுக் கைப்படத்தைத் திருப்ப மட்டும் செய்யாதீர்கள். திருப்பினால் வலது கை இடது கைபோலத் தெரியும்.

இந்த முழுக் காட்சியோடு, 'வலது மட்டும்', 'இடது மட்டும்' என்று இன்னும் இரண்டு சீன் செய்து வையுங்கள். ஒரு விரலை நிறுத்தி விளக்க வேண்டியபோது பெரிதாகக் காட்டலாம். அங்கே கேமராவைப் புதிதாகச் சேர்க்காமல் 'ஆட் எக்ஸிஸ்டிங்' வழியாக ஏற்கெனவே உள்ளதையே சேருங்கள். ஒரே கேமராவை இரண்டு தடவை திறக்கப் போனால் ஒன்று கறுப்பாக நிற்கும். 'ஹாட்கீஸ்' பகுதியில் ஒவ்வொரு சீனுக்கும் ஒரு விசையைக் கொடுங்கள். நம் இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும் என்பதால், காலால் அமுக்கும் யூஎஸ்பி பெடல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கணினியைப் பொறுத்தவரை அது விசைப்பலகையின் ஒரு விசைதான்.

கடைசியாக 'ஸ்டார்ட் வர்ச்சுவல் கேமரா' அழுத்துங்கள். ஜூமில் கேமரா அம்புக்குறியைத் திறந்து 'ஓபிஎஸ் வர்ச்சுவல் கேமரா' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மீட்டில் மூன்று புள்ளி வழியாக அமைப்புகளுக்குப் போனால் அதே பெயர் இருக்கும். ஜூமில் உங்கள் படம் இடவலம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம். அது உங்களுக்கு மட்டும் காட்டும் கண்ணாடிப் பிம்பம், பிள்ளைக்குச் சரியாகத்தான் போகிறது. குழப்பமாக இருந்தால் 'மிரர் மை வீடியோ' டிக்கை எடுத்துவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் ஓபிஎஸ், அப்புறம் ஜூம். ஜூம் முதலில் திறந்து ஒரு கேமராவைப் பிடித்துக்கொண்டால், ஓபிஎஸ்ஸுக்கு அது கிடைக்காமல் போகலாம்.

வெளிச்சம்

நொடிக்கு எட்டுச் சொல் விழும் வேகத்தில் வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 ஃப்ரேம் இருந்தால் ஒரு சொல்லுக்கு மூன்று நான்கு படம் கிடைக்கும். 15 என்றால் இரண்டுகூட உறுதியில்லை. வெளிச்சம் குறைவாக இருந்தால் கேமரா தானாகவே திறப்பு நேரத்தை நீட்டி, ஃப்ரேமைப் பாதியாக்கிவிடும். விரல் இருக்கிற இடத்தில் ஒரு மங்கல் கோடு தெரியும். கேமரா நன்றாக இல்லை என்று நினைத்து விலை அதிகமான கேமரா வாங்குவதைவிட, இரண்டு எல்இடி பல்பு கூடுதலாகப் போடுவது பல மடங்கு பயன் தரும்.

ஓபிஎஸ்ஸில் கேமராவின் அமைப்பில் 'கான்ஃபிகர் வீடியோ' பொத்தானை அழுத்துங்கள். அங்கே 'பவர்லைன் ஃப்ரீக்வன்சி' 50 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கக் கணக்குப்படி 60-ல் இருந்தால் படத்தில் கோடு கோடாக ஓடும். எக்ஸ்போஷரைத் தானியங்கியிலிருந்து எடுத்துக் கையால் வையுங்கள். அங்கே வரும் எண் மைனஸில் இருக்கும். மைனஸ் 5 என்றால் ஒரு நொடியில் 32-இல் ஒரு பங்கு, மைனஸ் 6 என்றால் 64-இல் ஒரு பங்கு. மைனஸ் 6-ல் படம் இருட்டாக இல்லாத அளவுக்கு அறையில் வெளிச்சம் இருந்தால் விரல் தெளிவாக நிற்கும். 'ஒயிட் பேலன்ஸ்' தானியங்கியையும் அணைத்து, இரண்டு கேமராவிலும் ஒரே எண்ணை வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கை மஞ்சளாகவும் இன்னொன்று நீலமாகவும் தெரியும்.

விளக்கை நேராக வலந்தலை மேல் அடிக்காதீர்கள். கரணை பளபளப்பானது, ஒளி பட்டால் வெள்ளைத் திட்டாகத் தெரியும், அதன் ஓரம் எது என்றே தெரியாது. பக்கவாட்டிலிருந்து, சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியாக வரட்டும்.

ஒலி

ஒவ்வொரு வெப்கேமிலும் ஒரு மைக் இருக்கிறது. புதிதாக ஒன்றைச் சொருகியதும் விண்டோஸ் சில சமயம் அதையே முதன்மை மைக்காக மாற்றிவிடும். தொப்பிக்கு ஒன்றரை அடியில் இருக்கிற மைக் 'தொம்'மைக் கேட்டால் பிளந்துபோன சத்தம்தான் வரும். 'சவுண்ட்' அமைப்பில் கேமரா மைக்குகள் எல்லாவற்றையும் முடக்கிவிட்டு, நீங்கள் பயன்படுத்தும் ஒரே மைக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓபிஎஸ்ஸின் மெய்நிகர் கேமரா படத்தை மட்டும்தான் கொண்டுபோகும், ஒலியைக் கொண்டுபோகாது. எனவே மைக்கை ஜூமில் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜூமின் இரைச்சல் நீக்கி மிருதங்கத்தை இரைச்சல் என்றே நினைக்கும். குமுக்கியை முழுசாக விழுங்கிவிடும். ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதை இயக்கி, வகுப்பு தொடங்கியதும் திரையின் மேலே அது ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். படம் ஓபிஎஸ்ஸைச் சுற்றி வருவதால் ஒலியைவிட ஒரு நூலளவு பின்தங்கலாம். ஜூம் அறையில் தனியாக நுழைந்து, இரண்டு கையும் சேர்ந்து விழும் 'தாம்' வாசித்து, ரெக்கார்ட் செய்து மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு கைப்படமும் ஒரே ஃப்ரேமில் விழுகிறதா என்பதும் அதிலேயே தெரியும். ஒரு கேமரா முந்தினால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபில்டர்ஸ்' பகுதியில் 'வீடியோ டிலே' சேர்த்துச் சில பத்து மில்லி நொடி பிடித்து நிறுத்தலாம்.

ஓபிஎஸ் வேண்டாம் என்பவர்களுக்கு

கணினி ரொம்பப் பழையது, இவ்வளவும் தாங்காது என்றால் இரண்டு வழி உண்டு. ஜூமில் 'ஷேர்' அழுத்தி 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'இரண்டாவது கேமரா' என்கிற தேர்வைப் பயன்படுத்தலாம். ஒரு கை பெரிய திரையிலும், முகம் சின்னக் கட்டத்திலும் வரும். வீணை வகுப்பு எடுக்கும் என் நண்பர் ஒருவர் இப்படித்தான் செய்கிறார், வீணையில் மேலிருந்து ஒரு கேமரா வைத்தாலே இரண்டு கையும் கிடைத்துவிடுவதால் அவருக்கு இது போதும். ஆல்ட், என் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஜூமில் கேமரா மாறும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொன்று, போனையே இரண்டாவது ஆளாக அதே வகுப்பில் நுழைப்பது. போனில் மைக்கையும் ஸ்பீக்கரையும் முழுமையாக அணைத்துவிட வேண்டும், 'டிஸ்கனெக்ட் ஆடியோ' கொடுத்துவிடுவது பத்திரம். இல்லையென்றால் ஊளையிடும். ஆனால் இரண்டு படமும் தனித்தனியாக இன்டர்நெட்டில் போவதால் கைகள் ஒன்றோடொன்று ஒத்து விழும் என்ற உறுதி இல்லை. அதனால் தாள வாத்தியக்காரர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

நாள்பட ஓட வேண்டுமானால்

ஒரே மாடல் கேமரா இரண்டு இருந்தால் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வரும். விண்டோஸ் பல கேமராக்களை அது சொருகியிருக்கும் துளையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. துளையை மாற்றிச் சொருகினால் இடது கை வலது கையாகிவிடும், அல்லது காணாமல் போகும். வலது கேமராவின் கேபிள் முனையிலும் அது போகும் துளையின் பக்கத்திலும் ஒரே நிறத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள், இடதுக்கு வேறு நிறம். வீட்டைப் பெருக்குகிறவர் கழற்றி மாட்டினாலும் சரியாக மாட்டுவார்.

வகுப்பின் நடுவில் கேமரா தூங்கிப்போனால் மின்சேமிப்பைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் 'யூஎஸ்பி ரூட் ஹப்'பின் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டாமல் சார்ஜரிலேயே வைத்து வகுப்பு எடுங்கள், மூன்று கேமராவும் ஓபிஎஸ்ஸும் ஜூமும் சேர்ந்து ஓடும்போது பேட்டரி நிற்காது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுவிடுங்கள். மின்சாரம் போனால் முகமும் ஒரு கையும் இல்லாமல்கூடப் பாடத்தை ஓட்டலாம், இணைப்பு போனால் ஓட்ட முடியாது.

எல்லாம் சரியாக அமைந்த அன்றே ஓபிஎஸ்ஸின் 'சீன் கலெக்‌ஷன்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவையுங்கள். அறையை வேறு காரியத்துக்கு எடுத்துவிட்டு மறுநாள் விடியற்காலை வகுப்புக்கு உட்காரும்போது, கோணம் தேடி நேரம் போகாது.